லேடர் பண்ணினால் மட்டும் அஜிலிட்டி வராது

"தினமும் அரை மணி நேரம் லேடர் (தரையில் விரித்த கயிற்று ஏணியின் கட்டங்களில் கால் வைத்து ஓடும் பயிற்சி) பண்ணினால் கபடி ரைடருக்கு வேகம், அஜிலிட்டி, ரியாக்‌ஷன் மூன்றும் வந்துவிடும்" என்று ஒரு கருத்து இருக்கிறது. பாதிகூடச் சரியில்லை. லேடரில் கால் எங்கே விழும் என்பது முன்பே தெரியும். அதில் வளர்வது கால் ஒத்திசைவு. வார்ம்-அப்பில் 5 நிமிடம் செய்யுங்கள், போதும்.

அஜிலிட்டி என்றால் எதிராளியின் அசைவைப் பார்த்து, வேகத்தை அடக்கி, திசை மாறுவது. இந்த 'அடக்குவதை'த்தான் பலரும் பழகுவதே இல்லை. 5 மீட்டர் ஓடி, கடைசி இரண்டு மூன்று எட்டுகளைக் குறுக்கி, இடுப்பைத் தாழ்த்தி நில்லுங்கள். முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா? வேகத்தைக் குறையுங்கள். ஏசிஎல் (முழங்காலுக்குள் இருக்கும் முக்கியத் தசைநார்) காயத்துக்கு வழிவிடும் நிலை அது.

நிற்க வந்த பிறகு, 3 மீட்டர் முன்னால் ஒருவரை நிறுத்தி, அவர் கடைசி நொடியில் கை காட்டும் பக்கம் சட்டெனத் திரும்பி ஓடுங்கள். 6 முதல் 8 முறை, நடுவே ஒரு நிமிட ஓய்வு. "ஒன், டூ, த்ரீ" எண்ணிவிட்டுக் கை காட்டினால் அது ரியாக்‌ஷன் பயிற்சியே அல்ல, மனப்பாடம்! இடைவெளி மாறிக்கொண்டே இருக்க வேண்டும்.

வேகத்துக்கு 10 மீட்டர் முழு ஓட்டம், 5 முறை, ஒவ்வொன்றுக்கும் பின் குறைந்தது ஒரு நிமிடம். ஆண்கள் களமே 13 மீட்டர்தான், எதிரணிப் பாதி 6.5 மீட்டர், 100 மீட்டர் ஓட்டத்தால் ரைடுக்குப் பெரிய லாபமில்லை. மூச்சு வாங்க வாங்க ஓடினால் ஸ்டாமினா கூடும், வேகம் கூடாது. வாரம் 2 அல்லது 3 நாள், கால் களைக்கும் முன்பே முடித்துவிடுங்கள்.