சாக்கைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு நிறுங்கள்

போன ஞாயிறு லண்டனில் இருக்கும் அக்காவின் மகள் பேசும்போது கேட்டாள்: "மாமா, அங்க நீங்க குப்பையைப் பிரிச்சுப் போடுறதில்லையா? நாங்க தயிர்க் கோப்பையைக்கூடக் கழுவித்தான் போடுறம்." இங்கே இலங்கையில், கல்லடியில் எங்கள் ஒழுங்கை நிலவரத்தைச் சொன்னேன். அப்புறம் நான் கேட்டேன்: "நீ கழுவிப் போட்ட கோப்பை பிறகு எங்க போகுது?" அவளுக்குத் தெரியவில்லை. அது அவள் பிழையும் இல்லை.

2017 தொடங்கி பிரித்தானியாவிலிருந்து கொழும்புக்கு வந்த 263 கொள்கலன்கள் நினைவிருக்கிறதா? பழைய மெத்தை, கம்பளம் என்று தாளில் எழுதியிருந்தது. திறந்தபோது மருத்துவக் கழிவும் கலந்திருந்ததாகச் சுங்கம் சொன்னது. சுற்றுச்சூழல் நீதிக்கான மையம் என்ற அமைப்பு இதை எதிர்த்து மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. முதல் 21 கொள்கலன்கள் திரும்பியது 2020 செப்டெம்பரில். கடைசி 45 கப்பலேறியது 2022 பெப்ரவரியில். அத்தனை வருடம் அந்த அழுக்கு எங்கள் மண்ணில் கிடந்தது. இவ்வளவுக்கும் ஆபத்தான கழிவு எல்லை தாண்டுவதைக் கட்டுப்படுத்தும் பாசல் சாசனம் 1992 முதல் நடைமுறையில் இருக்கிறது.

எனக்குப் பெரிய கோபம் அங்கே கணக்கு எழுதும் முறையில்தான். பிரித்தானியாவில் பொதி செய்யும் பிளாஸ்டிக், கடதாசி போன்றவற்றை மீள்சுழற்சிக்கென்று ஏற்றுமதி செய்தால், அந்த எடைக்கு ஒரு சான்றிதழ் கிடைக்கும். அதை விற்றுக் காசாக்கலாம். நாட்டின் மீள்சுழற்சி இலக்கிலும் அது சேர்ந்துவிடும். மீள்சுழற்சி ஆனதாகக் காட்டப்படும் பொதிகளில் பாதிக்கு மேல் வெளிநாடு போகிறது, போன பிறகு என்ன நடக்கிறது என்று அரசுக்குச் சரியாகத் தெரியாது என்று 2018இல் அந்த நாட்டுத் தேசிய கணக்காய்வு அலுவலகமே எழுதியது.

எங்கள் ஒழுங்கைக்குச் சைக்கிளில் பழைய இரும்பு, போத்தல் எடுக்க ஒருவர் வருவார். சாக்கை நிலத்தில் கவிழ்த்து, கல், மண், உடைந்தது எல்லாம் ஒதுக்கிய பிறகுதான் தராசில் போடுவார். கட்டின சாக்கை அப்படியே நிறுத்துக் காசு தந்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை. கழிவுக் கப்பலுக்கும் இதே முறை வேண்டும். ஏற்றிய எடையை விட்டுவிட்டு, போய்ச் சேர்ந்த ஆலையில் உண்மையில் உருக்கிய எடைக்குச் சான்றிதழ் கொடுக்கட்டும். அனுப்பும் நாட்டு அதிகாரி முன்னறிவிப்பு இல்லாமல் அந்த ஆலைக்குப் போகட்டும். அந்தச் செலவு ஏற்றுமதி செய்பவருடையது.

பாசல் சாசனத் திருத்தப்படி 2021 தொடக்கத்திலிருந்து கலப்பான, அழுக்கான பிளாஸ்டிக்கைப் பெறும் நாட்டின் முன்சம்மதம் இல்லாமல் அனுப்ப முடியாது. நல்லதுதான். ஆனால் சம்மதமும் ஒரு தாள். ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் ஒரு படி மேலே போய், 2026 நவம்பரிலிருந்து எங்களைப் போன்ற நாடுகளுக்குப் பிளாஸ்டிக் கழிவு அனுப்புவதையே நிறுத்தச் சட்டம் போட்டிருக்கிறது.

எங்கள் பக்கமும் பிழை இருக்கிறது, மறைக்கவில்லை. 263 கொள்கலன்களையும் உள்ளே விட்டது எங்கள் துறைமுகம். அம்பாறைப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று எட்டு வருடத்தில் ஏறக்குறைய 20 யானைகள் செத்ததாக 2022இல் செய்தி வந்தது. சொந்தக் குப்பைக்கே இடமில்லாத மண்ணுக்கு அடுத்தவன் மெத்தை எதற்கு?

மருமகளிடம் ஒன்றைத்தான் கேட்டேன்: உன் பகுதிக் கவுன்சிலுக்கு எழுது, எங்கள் தொட்டியில் போடுவது கடைசியில் எந்த ஊர் ஆலைக்குப் போகிறது, யார் பார்க்கிறார்கள் என்று. திங்கட்கிழமை மின்னஞ்சல் அனுப்பிவிட்டாள். பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.