எழுதிக்கொண்டு போன கணக்கு

கல்லூரி முடித்த ஆண்டில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, வேலூர் மலைச்சரிவில் இருக்கும் ஒரு குடியிருப்பில் வீடு வீடாகச் சென்று கேள்வித்தாள் நிரப்புவது. வீட்டில் எத்தனை பேர், என்ன வேலை, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிப்பறை உண்டா, இரண்டு வாரத்தில் யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்ததா என்று கேட்டு முடிக்க, ஒரு வீட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்த ஒரு பாட்டி, கையை நிறுத்தாமலேயே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். நிறுத்தினால் அன்றைய எண்ணிக்கை குறையும், கூலியும் குறையும். கடைசிக் கேள்வி முடிந்து நான் எழுந்தபோது அவர் தன் பங்குக்கு ஒன்று கேட்டார்: “ஏம்பா, எங்க ஊட்டுக் கதையெல்லாம் எழுதிக்கினு போறியே, அத்த எங்க கொண்டும்போயி வெக்கிற?”

என்னிடம் பதில் இல்லை. தாள்கள் அலுவலகத்துக்குப் போகும், அங்கிருந்து கணினிக்குப் போகும் என்பதற்கு மேல் எனக்கும் தெரியாது. அந்தக் கேள்வியை இத்தனை ஆண்டுகள் கழித்தும் நான் சுமந்துகொண்டிருப்பதற்குக் காரணம், அது வேலூரைப் பொறுத்தவரை மிகப் பெரிய கேள்வி என்பதே.

இந்நகரின் ஏழைத் தெருக்கள் ஆராயப்படாத தெருக்கள் அல்ல. கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 2002-இலிருந்து ராமநாயக்கன்பாளையம், சின்ன அல்லாபுரம், கஸ்பா ஆகிய பகுதிகளில் 452 குழந்தைகளைப் பிறந்தது முதல் பின்தொடர்ந்தார்கள். மூன்றாண்டுகள் முழுவதும் ஆய்வில் இருந்தவர்கள் 373 பேர். களப்பணியாளர்கள் வாரத்துக்கு இரண்டு முறை ஒவ்வொரு வீட்டுக்கும் போனார்கள். குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸ் ஒருமுறை தாக்கிய குழந்தைக்கு அடுத்த முறை எவ்வளவு பாதுகாப்பு கிடைக்கிறது என்று பார்த்ததில், மெக்சிகோவில் கண்டதைவிட இங்கே அது குறைவு என்று தெரிந்தது. 2011-இல் வெளிவந்த அந்த முடிவு, ஏழை நாடுகளுக்கான தடுப்பு மருந்துக் கொள்கை குறித்த விவாதத்தில் இடம்பெற்றது. இந்தியாவிலேயே உருவான ரோட்டாவைரஸ் தடுப்பு மருந்தின் சோதனை நடந்த மூன்று இடங்களில் வேலூரும் ஒன்று. 2016 முதல் அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா சொட்டு மருந்தும் சேர்ந்திருக்கிறது என்றால், அதற்குப் பின்னால் கஸ்பாவில் கதவைத் திறந்துவிட்ட தாய்மார்களும் இருக்கிறார்கள். ஆகவே ஆய்வே வேண்டாம் என்று சொல்வோரோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் அதே வேலூர்த் தெருக்களில் நடந்த இன்னோர் ஆய்வை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. பாட்டில் தண்ணீர் குடித்த குழந்தைகளையும் நகராட்சிக் குழாய்த் தண்ணீர் குடித்த குழந்தைகளையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், கிரிப்டோஸ்போரிடியம் என்னும் குடல் ஒட்டுண்ணித் தொற்றில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஒரு குடும்பம் தன் வீட்டுத் தண்ணீரை மட்டும் சுத்தமாக்கிக்கொண்டு, சாக்கடையும் கழிப்பிடமும் சரியில்லாத தெருவிலிருந்து தப்பிவிட முடியாது என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன். தெருவைச் சரிசெய்வது மாநகராட்சியின் வேலை. ஆய்வு முடிவு பன்னாட்டு இதழுக்குப் போன வேகத்தில் வார்டு அலுவலகத்துக்கும், அந்தத் தெருப் பெண்களின் கைக்கும் போயிருந்தால், வாய்க்காலுக்காக அவர்கள் கொடுக்கும் மனுவுக்கு வேறொரு கனம் இருந்திருக்கும்.

இதில் இன்னொரு சிக்கல், யார் கணக்கில் வருகிறார்கள் என்பது. அரசு அறிவிக்காத, அங்கீகரிக்காத பகுதி 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடிசைப் பகுதியாக அடையாளம் காணப்பட வேண்டுமானால், அங்கே குறைந்தது 300 பேர், அல்லது 60 முதல் 70 வீடுகள் நெருக்கமாக இருக்க வேண்டும் என்று வரையறை சொன்னது. மலைப்பாறைகளுக்கிடையில் முப்பது, நாற்பது வீடுகளாகச் சிதறிக் கிடக்கும் குடியிருப்பு அந்த வரையறைக்குள் வராது. அப்படிப்பட்டவை இந்நகரைச் சுற்றி எத்தனை என்பதை மலையைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். பிரதமர் வீடு கட்டும் திட்டத்தில் சொந்தமாகக் கட்டிக்கொள்வோருக்கு மத்திய அரசின் 1.5 லட்சத்தோடு மாநிலத்தின் 60 ஆயிரமும் சேர்ந்து 2.10 லட்சம் ரூபாய் கிடைத்தது என்றாலும், முதலில் கேட்கப்படுவது பட்டா. ‘புறம்போக்கு’ என்ற ஒரு சொல்லில் மூன்று தலைமுறை வாழ்க்கை அடிபட்டுப் போகிறது. (குடியிருப்பின் பெயரை நான் எழுதாமல் விட்டதற்கும் இதுவே காரணம், அங்கே பட்டா விண்ணப்பங்கள் இன்னும் நிலுவையில் இருக்கின்றன.)

2016 செப்டம்பரில் வேலூர் மத்திய அரசின் சீர்மிகு நகர (ஸ்மார்ட் சிட்டி) பட்டியலில் சேர்ந்தபோது எல்லோரையும் போல நானும் மகிழ்ந்தேன். புதிய பேருந்து நிலையம் 2022-இல் திறக்கப்பட்டது, நன்றாகவே இருக்கிறது. அதே 2022-இல், தெருவில் நின்றிருந்த இருசக்கர வாகனத்தை நகர்த்தாமலேயே சக்கரத்தோடு சேர்த்து சிமென்ட் சாலை போட்டதும், சத்துவாச்சாரியில் அடிபம்பை உள்ளே வைத்தே கால்வாய் கட்டியதும் ஊரெல்லாம் சிரித்த செய்திகள். எனக்குச் சிரிப்போடு ஒரு யோசனையும் வந்தது. வண்டிக்காரரையும் அந்த பம்பில் தண்ணீர் அடிக்கும் பெண்ணையும் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நடந்திருக்காது. கன்சால்பேட்டையிலும் இந்திரா நகரிலும் மழைக்காலத்தில் நிக்கல்சன் கால்வாய் நிரம்பி எந்த வீட்டுக்குள் முதலில் தண்ணீர் ஏறும் என்பதை அங்கே வாழும் சிறுவன்கூட வரிசையாகச் சொல்வான். திட்ட அறிக்கை தயாரிக்க வருகிறவர்கள் அவனைக் கேட்பதில்லை.

கணக்கெடுப்பை மக்களே செய்ய வேண்டும் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. வட ஆர்க்காட்டிலிருந்து கூலி வேலைக்குப் பல குடும்பங்கள் போன கோலார் தங்கவயலில் பிறந்து, பிழைப்புக்காகப் பம்பாய் சென்ற தமிழர் ஜோக்கின் அற்புதம். தெருக் குப்பையை அள்ள யாரும் வராதபோது, பிள்ளைகளைத் திரட்டி அதை நகராட்சி அலுவலக வாசலில் கொட்டச் செய்தவர் அவர். அவர் வாழ்ந்த ஜனதா காலனி 1976-இல் இடிக்கப்பட்டது. 1985-இல் பம்பாயின் நடைபாதைவாசிகளை ஸ்பார்க் என்ற தன்னார்வ அமைப்பு கணக்கெடுத்தபோது சுமார் 6,000 குடும்பங்கள் அதில் பதிவாயின. நேற்று வந்த நாடோடிகள் என்று சொல்லித் தள்ளப்பட்டவர்கள் பல ஆண்டுகளாக அங்கேயே உழைத்து வாழ்கிறவர்கள் என்பதை அந்தத் தாள்கள் காட்டின. ஸ்பார்க், அற்புதத்தின் குடிசைவாசிகள் கூட்டமைப்பு, மகிளா மிலன் என்ற பெண்கள் அமைப்பு மூன்றும் பின்னர் கைகோத்து, மக்களே கணக்கெடுக்கும் முறையைப் பல நகரங்களுக்குக் கொண்டு சென்றன. கணக்கு எடுத்தால் கூடவே இடிப்பும் வருமோ என்ற அச்சம் நியாயமானது. எங்கள் பக்கத்திலும் நோட்டுப் புத்தகத்தோடு வரும் எவரையும் முதலில் ‘அளக்க வந்தவர்’ என்றே பார்ப்பார்கள். பட்டியல் தங்கள் கையில் இருந்தால்தான் அதை எப்போது காட்டுவது, யாரிடம் காட்டுவது என்று அவர்கள் முடிவு செய்ய முடியும்.

போன ஆண்டு அதே குடியிருப்புக்கு நண்பர்கள் சிலரோடு மீண்டும் சென்றேன். இம்முறை கேள்வித்தாள் இல்லை, சுண்ணாம்புக் கட்டி மட்டும். அகலமான ஒரு பாறையில் பெண்களே தெருவை வரைந்தார்கள். கீழேயிருக்கும் தெருக்குழாயிலிருந்து மேல் வீட்டு வாசல் வரை 117 படிகள். இரண்டு பெண்கள் குடத்தோடு ஏறி இறங்கியே எண்ணினார்கள், இரண்டு முறை. வரைபடத்தில் நான்கு வீடுகளுக்குக் கழிப்பறை இருந்தது. நான்கின் மேலும் ஒருவர் கட்டம் போட்டு, உள்ளே விறகு என்று எழுதினார். கழுவ ஊற்றும் தண்ணீரையும் அதே 117 படி தூக்க வேண்டும் என்பதால் அவை விறகும் பழைய சாமானும் போடும் அறைகளாகிவிட்டன. பிறகு வேறொருவர் சீமைக் கருவேலப் புதரை வரைந்து, விடிவதற்கு முன் பெண்கள் போகும் வழியைப் புள்ளி புள்ளியாக வைத்து, அந்த வழியில் எரியாத விளக்குக் கம்பத்தையும் நட்டார். என் பழைய கேள்வித்தாளில் ‘கழிப்பறை: உண்டு / இல்லை’ என்று இரண்டே கட்டங்கள்தாம் இருந்தன. அந்த நான்கு வீடுகளுக்கும் நான் ‘உண்டு’ என்று குறித்திருந்தேன்.

தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1 அன்று மாநகராட்சி, நகராட்சி வார்டுகளில் பகுதி சபைக் கூட்டங்கள் நடத்தப்பட்டன. கிராம சபைக்கு நிகரான ஓர் இடம் நகரத்து ஏழைக்கும் வேண்டும் என்று கேட்டுவந்தவர்களுக்கு அது ஒரு தொடக்கம். 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு இடத்தை வியாபாரிகளுக்கே ஒதுக்குகிறது, அதிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. குடியிருப்புத் திட்டங்களில் குடியிருப்போருக்கு அப்படி ஓர் இடம் ஏன் இருக்கக் கூடாது? 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாக வைத்து அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிவிக்கப்பட்டுள்ள இந்த வேளையில், எந்தெந்தக் குடியிருப்புகள் பட்டியலில் உள்ளன என்பதை ஒவ்வொரு வார்டு அலுவலகப் பலகையிலும் தமிழில் ஒட்ட வேண்டும். விடுபட்டவற்றைச் சேர்க்கப் பகுதி சபையில் நேரம் ஒதுக்க வேண்டும். ஆய்வாளர்களிடமும் ஒன்று கேட்கிறேன். தனிப்பட்டவர் விவரம் வெளியாகாமல் காப்பது சரிதான், ஆனால் தெருவின் நிலையைச் சொல்லும் முடிவுகளை அந்தத் தெருவுக்கு வந்து, உட்கார்ந்து, புரியும் தமிழில் சொல்லிவிட்டுப் போவதற்கான செலவை ஆய்வுத் தொகையிலேயே சேர்த்துக் கேளுங்கள்.

பாறையில் வரைந்ததைத் தாளில் மூன்று படிகள் எடுத்தோம். ஒன்று திங்கட்கிழமை மக்கள் குறைதீர்வு நாளில் மனுவோடு கொடுக்கப்பட்டது. வாங்கியவர் முதலில் கேட்டது சர்வே எண்ணைத்தான். இன்னொன்று வார்டு அலுவலகத்தில் இருக்கிறது. மூன்றாவதை அங்கன்வாடிச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறார்கள். சென்ற வாரம் பார்த்தேன். மேல் தெருவில் எரிந்துகொண்டிருந்த இன்னொரு விளக்கும் போய்விட்டது போலும், அதன் மேல் யாரோ பென்சிலால் பெருக்கல் குறி போட்டு, தேதியும் எழுதியிருந்தார்கள்.