புள்ளிராஜாவின் பொண்டாட்டி

உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1 வந்தால் கல்லூரி வாசலில் சிவப்பு ரிப்பன், பேரணி, உறுதிமொழி. மறுநாள் பேச்சு மூச்சு இருக்காது. இந்தச் சடங்கின் மேல் எனக்குப் பெரிய மரியாதை இல்லை.

இந்தியாவில் எச்.ஐ.வி.யை முதலில் கண்டறிந்தது நம் சென்னையில்தான், 1986ல், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். பிறகு வந்ததெல்லாம் பயமுறுத்தும் பிரச்சாரம். ஒரு கற்பனை ஆசாமியை வைத்து 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று போஸ்டர் கேட்டது, ஊரே சிரித்தது. புள்ளிராஜாவின் பொண்டாட்டி என்ன ஆனாள் என்று யாராவது கேட்டோமா?

மன்னார்குடிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா. புருஷன் லாரி டிரைவர். அரசு 2004 ஏப்ரலில் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரையை இலவசமாகக் கொடுக்க ஆரம்பிப்பதற்கு முன்பே அவர் துரும்பாய் இளைத்துப் போய்ச் சேர்ந்துவிட்டார். நோயைக் கொண்டுவந்தது அவர், 'புருஷனை முழுங்கினவ' என்ற பட்டம் அக்காவுக்கு. நிலத்தில் பங்கு கேட்டதற்கு, "நீயே இன்னும் எத்தனை நாளைக்கு?" என்றார்களாம். சம்பா நடவுக்கு ஆள் கூப்பிடும்போது அவர் வீட்டை மட்டும் தாண்டிப் போவார்கள். வரப்பில் எல்லோரும் ஒரே சொம்பில் தண்ணீர் குடிக்க வேண்டுமே! சொம்பால் எச்.ஐ.வி. பரவாது என்பதை அந்தப் பிரச்சாரத்தில் ஒன்றாவது அவர்கள் மனதில் பதிய வைத்திருந்தால் இவருக்கு அந்தக் கூலியாவது கிடைத்திருக்கும்.

அக்கா இன்றைக்கும் திடமாக இருக்கிறார். தினம் ஒரு மாத்திரை. ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் தென்படாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவில்கூட அடுத்தவருக்குப் பரவாது. 2004 வாக்கில் உலகம் முழுக்க எய்ட்ஸால் வருஷத்துக்கு 20 லட்சம் பேர் செத்துக்கொண்டிருந்தது, இப்போது 6 லட்சம் சொச்சமாகக் குறைந்திருக்கிறது. அதில் நம்மூர்க் கம்பெனிகளின் மலிவு மாத்திரைக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் அந்த மாத்திரைக்காக அக்கா பக்கத்து ஆஸ்பத்திரியை விட்டுவிட்டுத் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறுகிறார். "தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணு தென்பட்டாலும் திரும்பிடுவேன் பாப்பா." டப்பாவில் ஒட்டியிருக்கும் காகிதத்தை வீட்டுக்கு வருவதற்குள் நகத்தால் சுரண்டி எடுத்துவிடுவார். பையில் குலுங்கிச் சத்தம் வராமலிருக்க உள்ளே பஞ்சு அடைப்பார். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்தால் வசதி என்று சொல்பவர்கள் அவரிடம் சொல்லிப் பார்க்கட்டும், கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்பார்.

2017ல் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்காகச் சட்டம் வந்தது. சம்மதமில்லாமல் ஒருவருடைய நோயை வெளியே சொல்லக்கூடாது, இருக்கும் வீட்டிலிருந்து பெண்ணைத் துரத்தக்கூடாது. நல்ல சட்டம். அது இருப்பது அக்காவின் மாமியார் வீட்டுக்கும் தெரியாது, பஞ்சாயத்தில் உட்கார்ந்தவர்களுக்கும் தெரியாது.

ரிப்பன் குத்துகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லலாம். அடுத்த டிசம்பரில் கடைத்தெருவில் ஊர்வலம் போவதற்குப் பதிலாக, ஆள் கூப்பிடுகிற மேஸ்திரிகளையும் மகளிர் குழுக்களையும் உட்கார வைத்து அந்தச் சொம்பைப் பற்றி அரைமணி நேரம் பேசுங்கள். போட்டோவுக்கு எடுப்பாக இருக்காது, தெரியும்.