கூட்டுவதும் பெருக்குவதும் ஒன்றல்ல
அதிகம் விற்கும் பொருள்களைத் தேடல் முடிவுகளில் முன்னே கொண்டுவர, சோலர் (Solr) என்னும் தேடல் மென்பொருளின் ‘பிஎஃப்’ (bf) அமைப்பு வழியாக, தேடிய சொல்லுக்குப் பொருள் எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் மதிப்பெண்ணோடு விற்பனை எண்ணிக்கையைக் கூட்டினாலே போதும் என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க இயலவில்லை. சேலத்தில் ஏற்காட்டுக் காபியும் மிளகும் விற்கும் ஒரு சிறு இணையக் கடைக்கு நான் அவ்வாறே செய்தபோது, மிளகு என்று தேடியவர்களுக்கும், விளக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் மிளகைக் குறிப்பிட்டிருந்த, அதிகம் விற்கும் காபித்தூளே முதலில் வந்தது. சொற்பொருத்த மதிப்பெண்ணின் அளவு தேடலுக்குத் தேடல் மாறுவதால், கூட்டப்படும் பெரிய எண் அதை மூழ்கடித்துவிடுகிறது. விற்பனை எண்ணிக்கையுடன் 10 சேர்த்து, 10-ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கை (log) எடுத்து, ‘பூஸ்ட்’ (boost) அமைப்பு வழியாக மதிப்பெண்ணை அதனால் பெருக்கிய பின்னரே மிளகு மேலே வந்தது, விற்பனையே ஆகாத பொருளுக்கும் பெருக்கெண் 1 கிடைத்தது. விற்பனை எண்ணிக்கைக்குப் பதிலாகத் துணைவினவலின் (முதன்மைத் தேடலோடு சேர்த்து இயக்கும் இன்னொரு தேடலின்) மதிப்பெண்ணால் பெருக்குவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: துணைவினவலுக்குப் பொருந்தாத ஆவணத்துக்கு (பொருளின் பதிவுக்கு), அந்த மதிப்பெண்ணைத் தரும் ‘குவெரி’ (query) சார்பு 0 தருவதால் அதன் மொத்த மதிப்பெண்ணும் 0 ஆகிவிடும், ஆகவே சார்பின் விடையுடன் 1 கூட்டிய பிறகே பெருக்க வேண்டும்.