முடிவைத் தீர்மானித்துவிட்டுத் தொடங்குங்கள்

கதாசிரியர்கள் மாறுவதால்தான் தொலைக்காட்சி நெடுந்தொடர்கள் தடம் புரள்கின்றன என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அது பாதிக் காரணம்தான். எங்கே முடிப்பது என்று தெரியாமலே தொடங்குகிறார்களே, அதுதான் முதல் கோளாறு. 2011இல் தொடங்கிய ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ என்ற அமெரிக்கத் தொடர், அதுவரை வெளிவந்திருந்த மூல நாவல்களின் கதையைத் தாண்டியதும் தளர்ந்தது. 2019இல் கடைசிப் பருவத்தை 6 பகுதிகளில் அவசரமாக முடித்தார்கள். நம் தொடர்களிலோ நேர்மாறு: விளம்பரம் கிடைத்துக்கொண்டிருக்கும்வரை இழுவை.

எங்கள் ஊர் முக்கூடலில் என் அம்மா மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றியபடியே தொடர் பார்ப்பார். முன்பெல்லாம் நல்ல காட்சி வந்தால் நூல் சுற்றும் விரல் அப்படியே நின்றுவிடும். இப்போது செத்துப்போனவள் உயிரோடு வாசலில் வந்து நின்றாலும் அம்மா தலை நிமிர்வதில்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.