சுரண்டினால் வரும் மெழுகெல்லாம் ரசாயனம் அல்ல

"ஆரஞ்சுத் தோலைக் கத்தியால் சுரண்டி மெழுகு வந்தால் ரசாயனம், மரத்தில் பழுத்ததில் மெழுகே இருக்காது" என்று சிலர் எழுதுவது தவறு நண்பரே. ஆரஞ்சு, எலுமிச்சை, சாத்துக்குடி எல்லாம் பிஞ்சிலிருந்தே தோலில் மெழுகைச் சுரக்கின்றன. பிஞ்சில் அது மெல்லிய, வழவழப்பான படலம். காய் முற்ற முற்ற மெழுகு கூடி, நுண்ணோக்கியில் தகடு தகடாகத் தெரியும். தோலின் சுவாசத் துளைகள் பலவற்றை அடைத்துவிடும். நன்றாகப் பழுத்தபின் அந்த மெழுகில் நுண்ணிய விரிசல்கள் விழும். பறிக்காமல் அதிக நாள் மரத்திலேயே விட்ட பழத்தின் தோல் தளர இதுவும் ஒரு காரணம்.

ஆகவே சுரண்டல் சோதனை எதையும் நிரூபிக்காது. பூசிய மெழுகும் உண்டு, மறுக்கவில்லை. சிப்பம் கட்டும் கூடங்களில் சோப்பு நீரும் பிரஷ்ஷும் போட்டுக் கழுவும்போது இயற்கை மெழுகில் ஒரு பகுதி போய்விடும். அப்படியே விட்டால் ஈரம் இழந்து தோல் சுருங்கும். அதற்கு ஈடாகத்தான் கார்னவ்பா (ஒருவகைப் பனை இலையின் மெழுகு), அரக்கு போன்றவற்றைப் பூசுகிறார்கள். பூச்சு தடித்தால் உள்ளே ஆக்சிஜன் போகாமல் சுளை புளித்த சாராய வாடை அடிக்கும். பளபளப்பைவிட இந்த வாடையைக் கவனியுங்கள். தோலைத் துருவிச் சமைப்பதானால் வெதுவெதுப்பான நீரில் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, உடனே பயன்படுத்துங்கள். கழுவி எடுத்து வைத்தால் சீக்கிரம் வாடிவிடும்.