பதினாறு மாணவர்களோடு தொடங்கிய பள்ளி

பன்னாட்டுப் பள்ளி என்றால் பலருக்கும் கட்டணம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. எனக்கோ ஆப்பிரிக்காவின் ஒரு மலை நினைவுக்கு வருகிறது. இன்று எஸ்வாட்டினி எனப்படும் ஸ்வாசிலாந்தில், தலைநகர் ம்பபானேவை ஒட்டிய மலைமேல் இருக்கிறது வாட்டர்ஃபோர்ட் கம்லாபா பள்ளி. 1963-இல் 16 மாணவர்களோடு தொடங்கியது.

எல்லைக்கு அந்தப்புறம் தென்னாப்பிரிக்கா. அன்று அங்கே ஒவ்வொருவரையும் வெள்ளையர், கறுப்பர், கலப்பினத்தவர், இந்தியர் என்று அரசு பதிவேட்டில் பிரித்து எழுதியிருந்தது. எந்தத் தெருவில் குடியிருக்கலாம், எந்தப் பள்ளியில் சேரலாம் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லில் அடக்கம். கறுப்பினப் பிள்ளைக்குக் கூலிவேலைக்கான படிப்பே போதும் என்ற எண்ணத்தில் 1953-இல் பாண்டு கல்விச் சட்டம் வந்தது. கறுப்பினத்தவரை அந்த அரசு 'பாண்டு' என்றே குறித்தது. கறுப்பின விடுதலைப் போராட்டத் தலைவர் ஆலிவர் டாம்போ படித்த ஜோகன்னஸ்பர்க் செயின்ட் பீட்டர்ஸ் பள்ளி அதற்குப் பணியாமல் மூடப்பட்டது. அந்நகரில் பணியாற்றிய ஆங்கிலேய ஆசிரியர் மைக்கேல் ஸ்டெர்ன், அங்கே நடத்த முடியாத பள்ளியை எல்லை தாண்டிப் போய்த் தொடங்கினார்.

எல்லா நிறத்துப் பிள்ளைகளும் ஒரே விடுதியில் தங்கினார்கள். அடுத்தடுத்த கட்டிலில் தூங்கிய இருவர் விடுமுறைக்கு ஜோகன்னஸ்பர்க் போனால், பூங்காவில் ஒரே பெஞ்சில் உட்கார முடியாது. பெஞ்சின் முதுகில் 'வெள்ளையருக்கு மட்டும்' என்று எழுதியிருக்கும். இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடுகிறது.

ராபன் தீவுச் சிறையிலிருந்த மண்டேலாவின் மகள்கள் செனானியும் சிண்ட்சியும் இங்கே படித்தார்கள். நிறவெறியை எதிர்த்த பேராயர் டெஸ்மண்ட் டுட்டுவின் பிள்ளைகளும் படித்தார்கள். 'கம்லாபா' என்ற பெயர் 1967-இல் மன்னர் இரண்டாம் சோபுசா சூட்டியது. அதன் வேர்ச்சொல்லுக்கு மண் என்றும் பொருள், உலகம் என்றும் பொருள். நம் 'ஞாலம்' போல. பல நாட்டு மாணவர்களை ஒன்றாகப் படிக்கவைக்கும் ஐக்கிய உலகக் கல்லூரிகள் அமைப்பில் 1981-இல் பள்ளி இணைந்தது.

ஆண்டு விழாவில் இருபது நாட்டுக் கொடிகளைக் கட்டிவிட்டால் ஒரு பள்ளி பன்னாட்டுப் பள்ளி ஆகிவிடாது என்பது என் உறுதியான கருத்து. சட்டம் பிரித்துவைத்த பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைத்த பள்ளிக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். லட்சக்கணக்கான கறுப்பினக் குழந்தைகள் பாண்டு பள்ளிகளிலேயே கிடந்தபோது இந்த ஒரு பள்ளியால் என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இனங்கள் கலந்து வாழவே முடியாது என்று ஓர் அரசே சாதித்தது. அது பொய் என்று காட்ட ஒரு விடுதி அறை போதுமாக இருந்தது.

தென்னாப்பிரிக்காவின் அரசுப் பள்ளிகள் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறக்க 1990-கள் வரை ஆனது. அதற்குள் அந்த முதல் 16 பேரும் நடுவயதை எட்டியிருப்பார்கள்.